வட்டவிதானையின் தாகம்

சாகாமக் குளத்தின் கீழே தொண்ணூறு ஏக்கர் வயலுக்கு அப்துல் ஸமட்தான் வட்டவிதானை. வாய்க்கால் தண்ணீரை எங்களுக்குப் பங்கிட்டுத் தாரும் என்று வயற்காரர் எல்லாரும் கூடி ஒருவரை அமர்த்திக்கொள்வார்கள், அவர்தான் வட்டவிதானை. யாருடைய வயலுக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம் மதகு திறப்பது என்று அவர் சொன்னால் சொன்னதுதான். ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் நடக்கிற கூட்டத்தில் நீர்ப்பாசன உத்தியோகத்தர், வட்டவிதானை யார் என்று கேட்பார். நாற்பது வாயும் ஒன்றாக "ஸமட்" என்று சொல்லும். கூட்டம் அடுத்த விசயத்துக்குப் போய்விடும். பதினான்கு வருடமாக அப்படித்தான் நடந்து வந்தது.

அவர் பெரிய படிப்பாளி இல்லை. பேச்சுச் சாமர்த்தியமும் கிடையாது. ஆனால் அளவு சுத்தம். மதகில் எவ்வளவு இறங்கியது, கடைமடையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று ஒரு தடியை நட்டுப் பார்ப்பார். நாலு விரல் வித்தியாசம் தெரிந்தால் வாய்க்கால் ஓரமாக நடக்கத் தொடங்குவார். எங்கேயோ ஒருவன் வரம்பை வெட்டியிருப்பான். ஒருமுறை அப்படி வெட்டியவன் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கும் இரண்டு முறைத் தண்ணீரை நிறுத்தினார். ஊர் வழக்கப்படி அவர் குடியிருப்பதோ கல்முனைக்குடியில், மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில். அன்று அந்த வீட்டில் அவருக்குச் சோறு கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்றுதான் அவரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள்.

நாலு வருடத்துக்கு முன், மாரி மழையில் சேறாகிக் கிடந்த குளக்கட்டு வீதியில் ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டி பின்னுக்கு வந்து அவரை இடித்தது. மதகின் கொங்கிறீட்டில் தலை மோதி ஒன்றரை நாள் நினைவில்லாமல் கிடந்தார். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தபோது நெற்றியில் ஏழு தையல் தவிர வேறு குறை ஒன்றும் தெரியவில்லை. தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று என்று சொந்தக்காரர் எல்லாரும் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். தொப்பியோடு போகவில்லை என்பது அவருக்கு மட்டும் ஒரு கிழமையில் தெரிந்தது.

தாகம். சாதாரணத் தாகம் இல்லை. ஒரு போத்தல் குடித்து மூடியைத் திருகி முடிப்பதற்குள் நாக்கு மறுபடி வறளும். அதுவும் குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும். ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னும் ஆசை வரும். குடித்தது உடம்பில் தங்கினால் தானே? மணிக்கொரு முறை சலத்துக்கு ஓடவேண்டும். போவதும் பச்சைத் தண்ணீர் போல நிறமில்லாமல் போகும். இரவில் ஏழு தரம் எழும்புவார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் உள்ளே போய் அப்படியே வெளியே வந்தது. கல்யாண வீடு, சாவு விழுந்த மையித்து வீடு, கொழும்புப் பயணம் எல்லாவற்றையும் மெல்ல மெல்ல விட்டார். எங்கே போனாலும் முதலில் கக்கூஸ் எங்கே என்று கண் தேடும். மோட்டார் சைக்கிளில் ஐந்து லீற்றர் கலன் ஒன்று எப்போதும் கட்டியிருக்கும்.

சீனி வருத்தம் என்று ஊரே முடிவு கட்டியது. இரத்தம் பத்துத் தரம் பார்த்தாயிற்று, சீனி கிடையாது. அப்படியும் பாவற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னவர்கள் உண்டு, வெந்தயம் விழுங்கச் சொன்னவர்கள் உண்டு. லெப்பை ஒருவர் ஒரு போத்தல் தண்ணீரில் ஓதி ஊதி, காலையில் மூன்று மிடறு வீதம் ஒரு கிழமைக்குக் குடிக்கக் கொடுத்தார். அந்தப் போத்தல் கல்முனைக்குடி எல்லையைத் தாண்டுமுன் காலியாகிவிட்டது.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய காரியம். நோன்பு வந்தபோதுதான் மனிதர் உடைந்து போனார்.

விபத்துக்குப் பின் வந்த முதல் நோன்பு அன்று பத்து மணிக்கே வயலில் அவருக்குக் கண் இருட்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதினொரு மணிக்கு வாய்க்காலில் முகம் கழுவக் குனிந்தவர் குடித்துவிட்டார். குடித்துக்கொண்டே அழுதார். மறுநாள் எப்படியும் பிடிக்கிறேன் என்று நிய்யத்து வைத்தார். மறுநாளும் அதே நேரம், அதே வாய்க்கால். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் என்ன நோய்? பத்துத் தரம் பார்த்தும் நோய் ஒன்றும் இல்லை என்று துண்டு கையில் இருக்கிறதே. நோய் இல்லாதவன் நோன்பை முறித்தால் அதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்றும் அவருக்குத் தெரியும். ஆகவே மூடி மறைத்தார். விடிய முன் ஸஹர் சாப்பிட்டு, ஸுபஹ் தொழுது, வெயில் ஏற முன்னரே வயல் வாடிக்குப் போய்விடுவார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ எடுக்கும்போது, வாய் கொப்பளிக்கிற தண்ணீரைத் தொண்டை அசையாமல் விழுங்கவும் பழகிக்கொண்டார். மாலையில் வந்து எல்லாரோடும் ஈச்சம்பழம் கடித்து நோன்பு திறப்பார். இப்படி நாலு நோன்பு மாதம் கழிந்தது. நாலு வருடத்தில் கடைமடைக்குச் சேரவேண்டிய தண்ணீரில் ஒரு விரலளவு பிசகவில்லை. தன் விசயத்தில் மட்டும் இப்படி.

மனைவி ஸுஹைறாவுக்கு இது ஒன்றும் தெரியாது. இவ்வளவு தாகத்தோடும் ஒரு நோன்பும் விடாத மனிதன் என்று அவள் தன் தங்கச்சிமாரிடம் பெருமை பேசுவாள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் ஸமட் எழும்பிப் போய்விடுவார். அடக்கமான மனிதன் என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது.

ஐந்தாம் நோன்பு மாதத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அவருக்கிருந்த ஹேர்னியாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்ய நாள் குறித்தார்கள். முதல் நாள் இரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்றார்கள். காலையில் ஒப்பரேசன் உடுப்போடு கழுவுகிற தொட்டியில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தவரைத் தாதி ஒருவர் கண்டுபிடித்தார். ஒப்பரேசன் நின்றது. மயக்க ஊசி போடுகிற டொக்டர் கோபிக்கவில்லை. இந்த ஆளுக்கு வேறு என்னவோ இருக்கிறது, பாருங்கள் என்று பொது வைத்திய நிபுணரிடம் அனுப்பிவைத்தார்.

அந்த நிபுணர் யசோதினி. நாற்பது வயதிருக்கும். எதையும் எழுதிக்கொண்டே கேட்கிறவர்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"எல்லாரும் குடிக்கிற மாதிரித்தான் டொக்டர்."

பக்கத்தில் இருந்த ஸுஹைறாவால் பொறுக்க முடியவில்லை. "அப்பிடியில்ல டொக்டர். பிரிஜ்ஜில ஆறு போத்தல் வெச்சாலும் விடியக்குள்ள ஆறும் காலி. சலத்துக்கும் அப்பிடித்தான், ஓடி ஓடிப் போறாரு."

"எப்ப தொடங்கினது?"

"தலையில அடிபட்ட மறுகாதான்."

டொக்டரின் பேனா ஒரு கணம் நின்றது. சோடியம் என்று இரத்தத்தில் இருக்கிற உப்பைப் பார்த்த துண்டை எடுத்தார். நூற்று முப்பத்தைந்து. சரியான அளவின் அடிவிளிம்பு. தலையில் அடிபட்டுத் தண்ணீர் கட்டுக்கடங்காமல் போகிற ஆளென்றால் உப்பு ஏறி நிற்கவேண்டும். இது இறங்கி நிற்கிறது. தேவைக்கு மேல் குடித்துக் கரைத்துக்கொண்ட ஆளின் இரத்தம் போல இருந்தது.

"ஒரு நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம இருக்க ஏலுமா இவருக்கு?"

"ஏன் ஏலா டொக்டர்?" ஸுஹைறாவின் முகம் மலர்ந்தது. "நாலு வருசமா முப்பது நோன்பும் பிடிக்கிறாரு. அதுவும் வயல் வெயில்ல. ஒண்டு விட்டதில்ல."

ஸமட் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் அதையும் எழுதினார்.

"ரெண்டு விதமா இருக்கலாம்" என்றார். "தண்ணிய வெளியில விடாத எண்டு கிட்னிக்குச் சொல்ற ஹோர்மோன் ஒண்டு இருக்கு. மூளைக்கு அடியில, கச்சான் கொட்டை அளவில இருக்கிற சுரப்பியிலயிருந்து அது வாறது. தலையில அடிபட்டதில அது நிண்டிருக்கலாம். அப்பிடியெண்டா மருந்து இருக்கு. இல்லாட்டி இது குடிச்சுக் குடிச்சு வந்த பழக்கம். பகல் முழுக்க முப்பது நாள் குடிக்காம இருக்கிறார் எண்டா, பழக்கம் எண்டுதான் எனக்குப் படுது. சோதிச்சுப் பாப்பம்."

சோதனை இன்னதுதான். காலை எட்டு மணியிலிருந்து வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மணிக்கொரு முறை நிறை பார்ப்பார்கள். போகிற சலத்தை அளவுச் சாடியில் அளப்பார்கள். இடையிடையே இரத்தம் எடுப்பார்கள். பழக்கத்தில் குடிக்கிறவனுக்குக் கொஞ்ச நேரத்தில் சலம் குறைந்து மஞ்சளாகிவிடும். ஹோர்மோன் இல்லாதவனுக்கு உடம்பு வற்றி வற்றிப் போனாலும் பச்சைத் தண்ணீராகவே போய்க்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்து காவல் காக்கவேண்டும். கஜேந்தினி என்ற தாதியை வைத்தார்கள். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகாத பிள்ளை; விழுந்து விழுந்து கவனிக்கிற பிள்ளை.

எட்டு மணிக்கு ஸமட்டின் நிறை எழுபத்தொரு கிலோவும் இருநூறு கிராமும். பன்னிரண்டு மணி வரை கிட்டத்தட்ட இரண்டு லீற்றர் போயிருந்தது. தராசிலும் அவ்வளவே குறைந்திருந்தது: அறுபத்தொன்பது கிலோவும் முந்நூறு கிராமும். உதடு வெடித்து, கண் உள்ளே போய், கட்டில் விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். அந்த நேரம் லுஹருக்குப் பாங்கு கேட்டது.

"மிஸ், வுழூ எடுத்துத் தொழணும்."

கஜேந்தினி கூடவே குழாயடிக்குப் போனாள். ஸமட் சாரத்தை உயர்த்திக் கட்டி, தொப்பியைச் சரிசெய்து, பிஸ்மி சொன்னார். ஒருவர் கும்பிடப் போகிறபோது முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று அவளுக்கு வீட்டில் சொல்லித்தந்திருந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாய் கொப்பளிப்பது மூன்று தரம் என்பது முறை. ஸமட் முப்பது தரம் வரை போனார். தொண்டை அசையவில்லை.

ஒரு மணிக்குத் தராசில் ஏறினார். கஜேந்தினி முள்ளைப் பார்த்தாள், இறங்கி ஏறச் சொன்னாள், மறுபடி பார்த்தாள். எழுபது கிலோ. சாடியில் இன்னும் அரை லீற்றர் சேர்ந்திருக்கிறது, மனிதனோ எழுநூறு கிராம் கூடியிருக்கிறார். அவள் டொக்டரைக் கூப்பிட ஓடினாள்.

தராசில் நின்றபடியே ஸமட்டுக்கு விசயம் விளங்கிவிட்டது. மதகில் இறங்கியது ஒன்று, கடைமடையில் நிற்பது ஒன்று. இதைப் பார்த்துத்தானே அவர் இத்தனை வருடம் வரம்பு வெட்டியவனை எல்லாம் பிடித்தார்! யாராவது அவரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லியிருந்தால், எங்கே வெட்டியிருக்கிறான், எவ்வளவு போயிருக்கிறது என்று அவரே சொல்லியிருப்பார்.

டொக்டர் வந்து தாளைப் பார்த்தார். ஸுஹைறாவும் வெளியிலிருந்து வந்துவிட்டாள். டொக்டர் சத்தம் போடவில்லை.

"ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் கூட" என்றார். "எங்க குடிச்சீங்க?"

ஸமட் தராசிலிருந்து இறங்கிக் கட்டிலில் போய் இருந்தார்.

"இங்க பாருங்க. நான் பொலிஸ் இல்ல. ஏன் கேக்கிறன் எண்டா, இந்த மருந்து பொல்லாத மருந்து. ஹோர்மோன் இல்லாத ஆளுக்குக் குடுத்தா உயிர். பழக்கத்தில குடிக்கிற ஆளுக்குக் குடுத்தா, குடிக்கிற தண்ணி வெளியில போகாது. இரத்தத்தில உப்பு கரைஞ்சு இறங்கிப் போகும். மூளை வீங்கி வலிப்பு வரும், ஆள் செத்தும் போகும். நீங்க எந்த ஆள் எண்டு தெரியாம ஒரு துளி தரமாட்டன்." அவர் குரல் மெல்லத் தணிந்தது. "முப்பது நாள் நோன்பு பிடிக்கிற ஆளுக்கு நாலு மணித்தியாலம் ஏலாமப் போனது எப்பிடி? அதுதான் எனக்கு விளங்கல்ல."

இதிலிருந்து தப்பிக்க வழி இருந்தது. இன்றைக்கு மட்டும் ஏலாமல் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படியானால் அவர் பழக்கக்காரன் என்று எழுதுவார்கள், மருந்து இல்லை, தாகம் சாகும்வரை, ஆனால் நாலு நோன்பும் மூடியபடி இருக்கும். ஸமட் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அங்கே இன்னும் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அதுதான் அவரை அறுத்தது.

"நான் நோன்பு பிடிக்கல்ல டொக்டர்" என்றார். "ஒரு நாளும் பிடிக்கல்ல. அடிபட்ட நாள்ள இருந்து ஒரு நோன்பும் முழுசாப் போகல்ல. வயல்ல குடிச்சன். பள்ளியில குடிச்சன். இண்டைக்குக் குடிச்ச மாதிரித்தான், வுழூ எடுக்கக்குள்ள."

கஜேந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். ஸுஹைறாவின் குரலில் மார்க்கமும் இல்லை, ஊரும் இல்லை.

"நாலு வருசமா மூணு மணிக்கு எழும்பி ஸஹருக்குச் சோறாக்கினேனே. காய்ச்சலோடயும் எழும்பினேனே. ஆருக்கு ஆக்கினேன் நான்?"

டொக்டர் தாளைத் திருப்பி, முதல் நாள் எழுதியதில் ஒரு வரியைக் குறுக்கே வெட்டினார். பகலில் குடிக்காமல் இருக்கிறவர் என்ற வரி அது. உப்புக் கணக்கைவிட அந்த வரிதான் டொக்டரையும் பிழையான பக்கத்துக்குத் திருப்பியிருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை திரும்ப வாருங்கள், இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்றார்.

ஸுஹைறா அந்த ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினாள். பையில் ஒரு துண்டுச் செங்கல் இருந்தது. லுஹர் நேரம் வந்தபோது அதை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"தண்ணி பட ஏலாத வருத்தக்காரனுக்குத் தயம்மும் இரிக்கி. இதுல கையத் தட்டி முகத்தையும் கையையும் தடவிட்டுத் தொழுங்க. குழாயடிக்கு நான் விடமாட்டன்."

ஒரு கிழமைக்குப் பின் அவள் பேசிய முதல் பேச்சு அது. ஸமட் செங்கல்லில் கையைத் தட்டினார். கஜேந்தினி இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. இரண்டு பெண்கள் காவல். தண்ணீர் எப்படித் தப்பும்?

ஒரு மணிக்கு அறுபத்தொன்பது கிலோவுக்கும் கீழே இறங்கியிருந்தார். சோடியம் நூற்று நாற்பத்தொன்பதுக்கு ஏறியிருந்தது. அப்படி வற்றிய உடம்பிலிருந்து சாடிக்கு வந்ததோ இன்னும் பச்சைத் தண்ணீர். போதும் என்று டொக்டர் நிறுத்தினார். மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். ஒரு சின்னக் கோப்பைத் தண்ணீர், அளந்து, கொடுத்தார்கள். ஸமட் அதைக் குடித்துவிட்டு அடுத்த கோப்பைக்குக் கை நீட்டவில்லை. சுவரில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நாலு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு மணித்தியாலம் ஒரே மூச்சாகத் தூங்கினார்.

எழும்பிச் சலம் கழித்தபோது சாடியில் கால்வாசிகூட வரவில்லை. வந்தது மஞ்சள். நல்ல மஞ்சள். ஸமட் சாடியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு மனைவியிடம் காட்டினார். இதைக் காட்டுகிற மனிதனும் உண்டா என்று சிரிக்கலாம், அவர் அழுதுகொண்டிருந்தார். ஸுஹைறா ஒரு முறை பார்த்தாள், தன் முந்தானையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

சுரப்பிதான் என்று முடிவாயிற்று. மருந்து தினம் இரண்டு வேளை. தாகம் எடுத்தால் மட்டும் குடியுங்கள், பழக்கத்தில் குடிக்காதீர்கள் என்று டொக்டர் மூன்று தரம் சொல்லி அனுப்பினார். நாலு வருடப் பழக்கம் மூன்று தரம் சொன்னால் போகுமா? முதல் கிழமையே தலையிடியும் ஓங்காளமும் வந்து, மதகுப் பூட்டின் திறப்பை எங்கே வைத்தேன் என்று கையில் வைத்துக்கொண்டே தேடினார். சோடியம் பார்த்தால் நூற்று இருபத்தெட்டு. டொக்டர் எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டார். "ஆறு லீற்றர்" என்றார் ஸமட், கேட்டு முடியுமுன். "கலன் கட்டியிரிந்திச்சி, கை சும்மா போய்ட்டுது." அன்றே மோட்டார் சைக்கிளிலிருந்து கலனைக் கழற்றிவிட்டார். அடுத்த கிழமை உப்பு சரியான இடத்துக்கு வந்தது.

நோன்பு நெருங்கியது. இந்த வருடம் பிடிக்கவே கூடாது, தண்ணீரும் உப்பும் இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது என்று டொக்டர் எழுதியே கொடுத்தார். ஸமட் அந்தக் கடிதத்தோடு மௌலவியிடம் போனார். மௌலவி நல்ல மனிதர். வருத்தக்காரனுக்கு நோன்பு கடமையில்லை, விட்ட நாட்களுக்கு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்றார். மறைத்ததை என்ன செய்வது என்று ஸமட் கேட்டார்.

"அல்லாஹ் மறைச்சத நீங்க எதுக்குத் திறக்கிறீங்க? அவனிட்ட மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்ங்க. மறுகா அதப் பத்திக் கதைக்காதீங்க."

அது ஆறுதலான பேச்சு. ஸமட்டும் அப்படியே விட்டுவிடத்தான் நினைத்தார். நோன்பு மாதத்தில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கோப்பை குடிப்பார். அதில் பிழை ஒன்றும் இல்லை. பாதி மாதம் அப்படிப் போனது.

சிறுபோகக் கூட்டம் அந்த வருடம் நோன்புக்குள் வந்து விழுந்தது. காலை பத்து மணிக்கு, கமக்காரர் மண்டபத்தில். சாதாரணமாகத் தேநீர் கொடுப்பார்கள். நோன்பு என்பதால் தமிழ் வயற்காரரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உத்தியோகத்தர் வழமைபோல, வட்டவிதானை யார் என்று கேட்டார். நாற்பது வாயும் திறக்குமுன் தங்கராசா எழும்பினார். கடைமடையில் மூன்று ஏக்கர் செய்கிறவர். கடைசித் தண்ணீர் வரைக்கும் தன் பங்கு பிசகாமல் வந்து சேருகிறது என்ற நன்றி அவருக்கு எப்போதும் உண்டு.

"இதில கேக்க என்ன இருக்கு?" என்றார் தங்கராசா. "நாங்க நிழலில இருக்கக்குள்ள, பல்லில ஒரு சொட்டுத் தண்ணி படாம, நோன்போட வெயில்ல நிண்டு எங்களுக்குத் தண்ணி பங்கிடுற மனிசன். அப்பிடி ஒருவர நான் காணல்ல. ஸமட்தான்."

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். உத்தியோகத்தர் எழுதக் குனிந்தார்.

ஸமட்டின் காது சுட்டது. பேசாமல் இருந்தால் அது போகிற போக்கில் போய்விடும். மௌலவியும் அதைத்தானே சொன்னார். ஆனால் இந்த மனிதர் தன்னை நம்புகிற நம்பிக்கையின் அடியில் அந்தப் பொய் கிடக்கிறதே! எழும்பினார்.

"தங்கராசா அண்ணன், நான் இண்டைக்கு நோன்பில்ல" என்றார். "நாலு வருசமா நோன்பில்ல."

எழுதக் குனிந்த உத்தியோகத்தர் நிமிர்ந்தார்.

"எனக்கு வருத்தம். இப்பதான் டொக்டர் கண்டுபிடிச்சாங்க, மருந்து எடுக்கிறன். வருத்தத்தில குடிச்சது பிழையில்ல எண்டு மௌலவி செல்றாரு. ஆனா பிடிச்ச மாதிரி உங்களுக்குக் காட்டினனே, அது பொய். இந்த வாய்க்கால்லதான் ஒளிச்சுக் குடிச்சன். இனி ஆர வைக்கிறது எண்டு நீங்களே கதைச்சு முடிவெடுங்க."

வெளியே வந்து மருத மரத்தடியில் இருந்தார். பதினான்கு வருடத்தில் ஒரு தும்மல் நேரத்துக்கு மேல் எடுக்காத காரியம், அன்று அரை மணித்தியாலம் எடுத்தது. உள்ளே குரல்கள் ஏறி இறங்கின. றிஸ்மி என்ற வயற்காரரின் குரல் தெளிவாகக் கேட்டது: "நாலு வருசம் எங்கட கண்ணுக்கு முன்னால ஒளிச்சவரு, தண்ணியில ஒளிக்கல்ல எண்டு எப்பிடி நம்புற?" யாரோ அவரை அதட்டினார்கள். யாரோ அவர் சொல்வது சரி என்றார்கள்.

கடைசியில் தங்கராசாதான் வெளியே வந்தார். நேரே முகத்தைப் பார்க்காமல் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விதானையார், நீங்கதான். உங்களத்தான் வெச்சிருக்கு."

"ம்."

"ஆனா..." தங்கராசா தொண்டையைச் செருமினார். "இந்தப் போகம் மதகில நீங்க அளக்கக்குள்ள ரெண்டு பேர் பக்கத்தில நிப்பாங்களாம். கூட்டத்தில அப்பிடித்தான் முடிவு. நான் வேணாம் எண்டுதான் சொன்னன்."

ஸமட்டுக்கு வலித்தது. மனைவியின் தம்பியின் வயலுக்கே தண்ணீரை நிறுத்திய ஆளுக்குக் காவல். பிறகு எழும்பி, சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"மதகில மட்டும் நிண்டாப் போதாது" என்றார். "கடைமடையிலயும் ஒரு ஆள நிக்கச் செல்லுங்க."